நாள்பட்ட இடுப்புவலி: மனம்விட்டுப் பேசக்கூடிய மருத்துவரை எப்படி அறிவது?

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். 18 ஆண்டுகள் கொழுந்து பறித்த எனக்கு, நான்கு ஆண்டுகளாக இடுப்பிலிருந்து இடது கால்வரை வலி இறங்குகிறது. கடைசியாகப் பார்த்த மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயதில் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார். நம்பமாட்டார்களோ என்ற அச்சம் வலியைவிடப் பெரிதாகிவிட்டது. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் பேருந்தில் போய்வந்தால் இரண்டு நாள் எழ முடிவதில்லை. மலையிலேயே பொறுமையாகக் கேட்கும் மருத்துவரை எப்படிக் கண்டறிவது?

பதில் (குன்னூர்):
சகோதரி, நானும் இதே அச்சத்தோடு ஆறு ஆண்டுகள் அலைந்தேன். பிறகு வலி தொடங்கிய மாதம், பனிக்காலக் காலையில் கூடுகிறதா, உறக்கம் எத்தனை மணி நேரம், உட்கொண்ட மாத்திரைகள், 0 முதல் 10 வரை வலியின் அளவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிச் சென்றேன். அதை முழுவதும் படித்து, என்னைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பார்த்த மருத்துவர், மூன்று மாதங்களைத் தாண்டிய வலியில் நரம்புகளே வலியைக் கூடுதலாக உணரத் தொடங்கிவிடுவதுண்டு என்றும், ஸ்கேனில் பெரிய கோளாறு தெரியாததால் வலி பொய்யாகிவிடாது என்றும் விளக்கினார். அந்த விளக்கம் கேட்ட பிறகே எனக்கு மூச்சு சீரானது. தொட்டுப் பார்க்கிறாரா, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

பதில் (உதகை, இயன்முறை சிகிச்சையாளர்):
வலிக்கென்றே சிகிச்சை அளிப்போர் பெரும்பாலும் மயக்கவியல் (அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் துறை) படித்தவர்கள். ஆகவே அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவோடு நின்றுவிடாமல் அந்தத் துறையிலும் விசாரியுங்கள். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கடையில் தாமாக வாங்கும் வலிமாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடக்கூடும். கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, மனதுக்குப் பிடித்த மருத்துவருக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கோத்தகிரி:
இருவருக்கும் நன்றி. தாளை இன்றிரவே எழுதுகிறேன். பேசும்போது அழுகை வந்துவிடுகிறது. மகளை உடன் அழைத்துச் செல்லலாமா?

குன்னூர்:
கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் வலியை நீங்களே சொல்லுங்கள். மருத்துவர் சொல்வதை மகள் குறித்துக்கொள்ளட்டும்.