பலாப்பிஞ்சு கறுத்து விழுகிறதா? மருந்து அடிக்காதீர்கள்

பண்ருட்டிப் பக்கம் எங்கள் நிலம். 2011 டிசம்பரில் வந்த தானே புயலில் பலா மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த வருஷம் கொட்டை ஊன்றி வளர்த்த கன்றில் ஒன்று, ஏழாம் வருஷம் தை மாதத்தில் முதல்முறையாகப் பிஞ்சு விட்டது. வீடே பூரித்துப்போனது. ஆனால் சில நாளிலேயே விரல் நீளப் பிஞ்சுகள் கறுத்து, பூசணம் பிடித்து, பொத்துப் பொத்தென்று விழுந்தன. நோய் என்று நினைத்து இரண்டு தடவை மருந்து அடித்தேன். உதிர்வது நிற்கவில்லை.

பக்கத்து நிலத்துப் பெரியம்மா பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி மருந்து அடிச்ச? இது ஆண் பிஞ்சு, விழத்தான் விழும். அடிமரத்தப் பாரு" என்றார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பலாவில் ஒரே மரத்தில் ஆண், பெண் இரண்டும் தனித்தனியாக வரும். நாம் பிஞ்சு என்பது, நூற்றுக்கணக்கான பூக்கள் நெருங்கி ஒட்டிய கொத்து. ஆண் கொத்து ஒல்லியாக இருக்கும், மேலே மஞ்சள் மகரந்தம் தெரியும்; அது கொட்டியதும் அதன் வேலை முடிந்தது. பெண் கொத்து அடிமரத்திலும் பருத்த கிளையிலும் தடித்த காம்போடு வரும். அதில் கருவுற்ற பூ ஒவ்வொன்றும் ஒரு சுளை. கருவுறாதவைதான் சுளைக்கு நடுவே வரும் நார். எனக்கு இது பெரிய ஆச்சரியம்!

அந்த வருஷம் கிடைத்த மூன்று பழத்தில் ஒன்று ஒருபக்கம் சூம்பியிருந்தது. வெட்டினால் அந்தப் பக்கம் முழுக்க நார். மகரந்தம் சரியாகச் சேராத இடம் அப்படித்தான் ஆகும். நான் அடித்த மருந்தில் மகரந்தம் சுமக்கும் பூச்சிகளும் செத்திருக்குமே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வில்லியனூரிலிருந்து ஒரு பதில்:

நான் வேறு இடத்தில் தவறினேன் அண்ணா. நல்ல பழத்துக் கொட்டையை, அவரை விதை மாதிரி வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. பலாக்கொட்டை காய்ந்தால் உயிர் போய்விடும், பழம் வெட்டிய கையோடு ஊன்ற வேண்டும். மறுமுறை அப்படிச் செய்து மரமும் வந்தது, ஆனால் பழத்தில் தாய்மரத்து ருசி இல்லை. வேறு மரத்து மகரந்தம் கலந்திருக்கும். அதே பழம்தான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான் வழி. பாலூர் 1 ரகத்தையும் ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். இந்த ஆடியில் இரண்டு வைக்கப்போகிறேன்.