எம்.எஸ்சி. மனநல நர்சிங் முடித்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருட எம்.எஸ்சி. நர்சிங்கை மனநலப் பிரிவில் முடித்துவிட்டு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். போட்டிருப்பது பொது வார்டில். சம்பளமும் பி.எஸ்சி. முடித்தவர்களுக்குக் கொடுப்பதேதான். பணத்தைவிட, நோயாளியிடம் உட்கார்ந்து பேச நேரமே கிடைக்காததுதான் அதிகம் வலிக்கிறது.

2017 மனநலச் சட்டப்படி மனநலச் செவிலியர்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என்னென்ன சான்றிதழ் கேட்டார்கள்? அப்புறம், மாவட்ட மனநலத் திட்டத்தில் செவிலியராக இருப்பவர்கள், வேலை மனதுக்கு நிறைவாக இருக்கிறதா, ஒப்பந்த வேலைதானா என்று சொல்லுங்கள்.

வீட்டில் கல்லூரிக்கு டியூட்டராகப் போகச் சொல்கிறார்கள். பாடம் நடத்தப் பிடிக்கும், ஆனால் நோயாளிகளை விட்டுவர மனசில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.