காரில்லாமல் லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று நாள்: எங்கள் குடும்ப அனுபவம்

சான் ஹோசேயிலிருந்து எழுதுகிறேன். 2024 அக்டோபரில் நான், என் மனைவி, நான்கு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த 68 வயது அம்மா ஆகிய நால்வரும் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று வந்தோம். எங்கள் இருவருக்கும் அப்போது ஓட்டுநர் உரிமம் கிடைத்திருக்கவில்லை. காரில்லாமல் அந்த ஊருக்குப் போவது வீண் வேலை என்று அலுவலகத்தில் எல்லோருமே தடுத்தார்கள். அப்படியில்லை என்று எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லவே இதைப் பகிர்கிறேன்.

அந்த நகரின் பரப்பு மட்டும் ஏறக்குறைய 1,300 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றியுள்ள மாவட்டத்தில் 88 நகரங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய ஊரை மூன்று நாளில் சுற்றிப் பார்த்துவிட முடியாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டோம். பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவதற்கு முன்பே தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் பயணம் நன்றாக அமைந்ததற்கு அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். நகர மையத்தில் ஏழாம் தெரு மெட்ரோ நிலையத்தில் ஏ, பி, டி, ஈ ஆகிய நான்கு ரயில் தடங்களும் சந்திக்கின்றன. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். அறை வாடகை சற்றுக் கூடுதல்தான். ஆனால் அதே விடுதியில் கார் நிறுத்துவதற்கு மட்டும் ஓர் இரவுக்கு 48 டாலர் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு அந்தக் கூடுதல் பெரிதாகத் தோன்றவில்லை.

சான் ஹோசேயில் காலையில் கோஸ்ட் ஸ்டார்லைட் ரயிலில் ஏறினால் இரவில் லாஸ் ஏஞ்சல்ஸின் முக்கிய ரயில் நிலையமான யூனியன் ஸ்டேஷனில் இறங்கலாம். சான் லூயிஸ் ஒபிஸ்போவைத் தாண்டிய பிறகு ரயில் கடலை ஒட்டியே நெடுநேரம் செல்கிறது. அம்மா சாளரத்தை விட்டு நகரவே இல்லை. யூனியன் ஸ்டேஷனின் அடியிலேயே மெட்ரோ இருப்பதால், பெட்டிகளோடு மின்தூக்கியில் இறங்கி, மூன்றாவது நிறுத்தத்தில் விடுதியை அடைந்துவிட்டோம்.

கட்டணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சென்றபோது ஆளுக்கு 2 டாலர் கொடுத்து டாப் என்னும் பயண அட்டை வாங்க வேண்டியிருந்தது. ஒரு பயணத்துக்கு 1.75 டாலர்; இரண்டு மணி நேரத்துக்குள் வேறு ரயிலுக்கோ பேருந்துக்கோ மாறினால் தனிக் கட்டணம் இல்லை; ஒரே நாளில் எத்தனை முறை ஏறினாலும் 5 டாலருக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் கிடையாது. சாலை மட்டத்தில் இருக்கும் சில நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லாததால், அட்டையைத் தொட்டு எடுக்கும் கம்பத்தை நாமே தேடிப் போய்த் தொட வேண்டும். முதல் நாள் அம்மா அதைக் கவனிக்காமல் நேராக நடைமேடைக்குப் போய்விட்டார், பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் “தொட்டாச்சா?” என்று எங்களைக் கேட்பவர் அவராகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பகலில் நகர மையத்திலேயே இருந்தோம். 1917 முதல் இயங்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் சாப்பிட்டுவிட்டு, எதிர்ப்புறத்தில் ஏஞ்சல்ஸ் ஃபிளைட் வண்டியில் ஏறினோம். 1901இல் தொடங்கப்பட்ட இந்த மலையேற்ற ரயிலில் சினாய், ஆலிவெட் என்று இரண்டே பெட்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். உள்ளே மர இருக்கைகள் படிப்படியாக அமைந்திருக்கின்றன. எதிர்ப்பெட்டி பக்கத்தில் உரசுவது போல் வந்து விலகியதைக் கண்டு மகள் கைகொட்டினாள். நான்கு முறை ஏறி இறங்கினோம். மாலையில் பி தடத்தில் வெர்மான்ட்–சன்செட் நிலையம் சென்று, அங்கிருந்து டேஷ் என்னும் நகரப் பேருந்தில் கிரிஃபித் வானாய்வகம் போனோம். 1935இல் திறக்கப்பட்ட இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. சூரியன் மறைந்த பிறகு விளக்குகள் கட்டம் கட்டமாகக் கடல் வரை நீண்டு கிடந்ததைப் பார்த்தபோதுதான் ஊரின் அகலம் எங்களுக்கு விளங்கியது. திரும்பும்போது கூட்டத்தால் இரண்டு பேருந்துகளை விட வேண்டியிருந்தது. குழந்தையோடு செல்பவர்கள் இருட்டிய உடனே வரிசைக்கு வந்துவிடுவது நல்லது.

சனிக்கிழமை முழுவதும் ஈ தடம் மட்டுமே. வழியில் எக்ஸ்போசிஷன் பார்க்கில் இறங்கி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, அதே தடத்தில் கடைசி நிலையமான சாண்டா மோனிகா போனோம். நிலையத்திலிருந்து கடற்பாலத்துக்கு நேராக நடந்துவிடலாம். 2016இல் சாண்டா மோனிகாவை எட்டிய இந்தத் தடத்தின் பெரும்பகுதி, பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பழைய ரயில் பாதையின்மீதே போடப்பட்டது. காருக்காகவே பிறந்த ஊர் என்று பலரும் நினைக்கும் அந்த ஊரை முதலில் பரப்பியவை மின்சார ரயில்கள்தாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் சிரமப்பட்டோம். மாலிபு வெங்கடேசுவரர் கோயிலுக்கு வாசலில் விடும் பேருந்து இல்லை. பி தடத்தில் நார்த் ஹாலிவுட் வரையும், ஜி தடப் பேருந்தில் கனோகா வரையும் சென்று, மீதித் தொலைவுக்கு வாடகைக் கார் பிடித்தோம். தரிசனம் மனநிறைவாக இருந்தது. புளியோதரையைக் கையில் வாங்கியபோது அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் மலைகளுக்கு நடுவே கைபேசியில் சமிக்ஞை சரியாகக் கிடைக்காமல், திரும்புவதற்கு வண்டி கிடைக்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்ற எங்களைப் பார்த்து, ஒரு தெலுங்குக் குடும்பத்தார் தாமாகவே கனோகா வரை கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குடும்பத்தாருக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அங்கே செல்பவர்கள், இறங்கும்போதே ஓட்டுநரிடம் திரும்பி வரும் நேரத்தைப் பேசிவிடுங்கள்.

மைல் கணக்கைப் பார்க்காமல், எத்தனை முறை மாறி ஏற வேண்டும் என்று பார்த்தே நாள்களைப் பிரித்துக்கொண்டோம். ஒரு முறை மாறினால் எல்லோரும் தாங்கினோம். இரண்டு முறை மாறிய ஞாயிற்றுக்கிழமை குழந்தையும் பெரியவரும் சோர்ந்துவிட்டார்கள்.

*

சான் டியாகோ உறுப்பினரின் பதில்:

தங்களைப் போல் தங்குமிடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்காததால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். டிஸ்னிலாண்ட் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில் அல்ல, பக்கத்து மாவட்டத்து அனஹைமில் என்பதைப் பொருட்படுத்தாமல், நகர மையத்தில் அறை எடுத்துவிட்டோம். இரவு 460ஆம் எண் பேருந்தில் திரும்ப ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. என் தோளில் ஒரு பிள்ளை, கணவர் மடியில் ஒரு பிள்ளை, இருவருமே ஆழ்ந்த உறக்கம். இறங்கும்போது ஒரு காலணியைப் பேருந்திலேயே விட்டுவிட்டோம். நாங்கள் வந்த சர்ஃப்லைனர் ரயில் அனஹைமிலேயே நிற்கிறது. அங்கே இறங்கி முதல் இரண்டு இரவுகளை அங்கேயே கழித்துவிட்டு, பிறகு நகரத்துக்குச் சென்றிருக்க வேண்டும்.

*

டாலஸ் உறுப்பினரின் பதில்:

விமானத்தில் வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 ஜூனில் விமான நிலையத்துக்கு அருகே புதிய மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டிருக்கிறது. நான் வந்தபோது முனையங்களிலிருந்து அங்கே இலவசப் பேருந்து விட்டார்கள். கைப்பையோடு தனியாக வந்தபோது அது எனக்கு வசதியாக இருந்தது. பெரிய பெட்டிகளோடு பெற்றோரை அழைத்துவந்தபோது ஃபிளைஅவே பேருந்தையே தேர்ந்தெடுத்தேன். பெட்டிகளை அடியில் வைத்துவிட்டால் எங்கும் மாறாமல் யூனியன் ஸ்டேஷனில் இறங்கலாம். இரவு ஒன்பதுக்கு மேல் ரயில் பெட்டிகளில் ஆள் குறைந்து, சில சமயம் மனத்துக்கு ஒவ்வாத சூழல் இருந்ததால், அந்நேரத்தில் வாடகைக் காரிலேயே திரும்பினோம். தங்கள் தாயார் படிகளை எப்படிச் சமாளித்தார்?

*

சான் ஹோசேயிலிருந்து:

சுரங்க நிலையங்களுக்கெல்லாம் மின்தூக்கி உண்டு; ஆனால் அது சாலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பெர்ஷிங் சதுக்கத்தில் அது தெரியாமல் ஒரு தெருவைச் சுற்றி வந்தோம். பங்கர் ஹில் மேட்டின் மேலுள்ள டிஸ்னி இசையரங்கைப் பார்க்க, அம்மாவுக்கு ஏஞ்சல்ஸ் ஃபிளைட் வண்டியே போதுமானதாக இருந்தது. பக்கத்திலிருந்த படிக்கட்டில் என் மனைவி மட்டும் ஏறினார். அம்மா அவருக்கு முன்பே மேலே போய் உட்கார்ந்திருந்தார்.