மறுமொழி: ஃபுட்பிரிண்டுக்குத் தமிழ், அடித்தடமா மனையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மின்சுற்றுப் பலகையில் ஒரு பாகம் உட்காருவதற்காக நாம் வரைந்து வைக்கும் செப்பு இடத்தைத்தான் ஆங்கிலத்தில் ஃபுட்பிரிண்ட் என்கிறார்கள். அதற்கான தமிழ்ச் சொல் பற்றி எழுதியிருந்தீர்கள்.

> ஃபுட்பிரிண்ட் = அடித்தடம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, எல்லோருக்கும் புரியும். இதையே வைத்துக்கொள்ளலாமே?

பொருந்துகிறது ஐயா, ஆனால் வகுப்பில் நிற்கவில்லை. சுற்றுப்பலகையில் ஓடும் செப்புக் கோட்டை நாம் ஏற்கெனவே தடம் என்கிறோம். "மூன்றாம் அடித்தடத்திலிருந்து வரும் தடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடு" என்று சென்ற வாரம் ஒரு மாணவியிடம் சொன்னேன். அவர் சுட்டியைக் கையில் பிடித்தபடி, "எந்தத் தடம் சார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை.

பெயர் இப்போது ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். மாலை வகுப்பை ஈகிள் என்ற பலகை வடிவமைப்பு மென்பொருளிலிருந்து கீகேட் என்ற இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஈகிளை 2016-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2026 ஜூன் 7-உடன் அதை நிறுத்துவதாக 2023-இலேயே அறிவித்தும்விட்டார்கள். அதன் இலவசப் பதிப்பில் இரண்டு செப்பு அடுக்கு, 80 சதுர செ.மீ. பலகை, அவ்வளவுதான். கீகேட்டில் அந்த வரம்பு கிடையாது. 1992-இல் பிரான்சின் கிரெனோபிளில் ழான்-பியர் ஷராஸ் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. பின்னாளில் செர்ன் ஆய்வகமும் கைகொடுத்து வளர்த்தது. ஆல்டியமும் இதே வேலைக்கான நல்ல மென்பொருள்தான், ஆனால் அதன் உரிமக் கட்டணம் எங்கள் பிள்ளைகள் கட்டக்கூடியது இல்லை. பழைய மடிக்கணினியிலும் வீட்டில் போட்டுப் பழகலாம் என்பதால் கீகேட் என்று முடிவு செய்தோம்.

ஈகிளில் பழகியவர்கள் கீகேட்டுக்கு வந்ததும் முட்டிக்கொள்ளும் முதல் இடம் இந்த ஃபுட்பிரிண்ட்தான். ஈகிளில் மின்தடையை எடுக்கும்போதே அதன் வரைபடக் குறியீடும் பலகையில் அது உட்காரும் இடமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். கீகேட்டில் பொதுவான மின்தடைக் குறியீட்டை எடுத்தால் வெறும் குறியீடுதான் வரும். அது பலகையில் எங்கே, எந்த அளவில் உட்காரும் என்று நாமே தனியாகச் சொல்ல வேண்டும். ஆக, முதல் நாளிலேயே இந்தச் சொல் தேவைப்படுகிறது. சொல் குழப்பினால் மென்பொருளே குழப்புகிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

அடித்தடத்தின் மேல் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. அடித்தடம் நடந்து போன பிறகு விழுவது. இதுவோ பாகம் வருவதற்கு முன்பே நாம் அமைத்து வைப்பது. ஒரு காலுக்கு ஒரு தடம்தான் விழும். ஆனால் 0805 என்ற அளவுக் குறியீடு கொண்ட மின்தடை ஒன்றுக்கே கீகேட் நூலகத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. பாகம் அதே 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம்தான். கையால் பற்றவைப்பவர்களுக்கென்று உள்ளதில் மட்டும் செப்பு கொஞ்சம் நீண்டிருக்கும், பற்றுக்கோலின் முனை படுவதற்காக. யாருடைய அடித்தடம் இப்படி வசதிக்கேற்ப நீளும்?

எனவே நான் முன்மொழியும் சொல் மனை.

இந்தத் துறையிலேயே இதற்கு இன்னொரு பெயர் உண்டு: லேண்ட் பேட்டர்ன். பலகை வடிவமைப்புக்கான ஐபிசி-7351 தரநிலை அந்தப் பெயரைத்தான் ஆள்கிறது. அங்கேயும் நிலம்தான். மனை என்பது அளந்து, எல்லை போட்டு, ஒருவர் வந்து குடியேறுவதற்காக ஒதுக்கிய நிலம். நாம் பலகையில் செய்வதும் அதுவே. கோர்ட்யார்ட் என்று கீகேட்டில் ஒரு அடுக்கு இருக்கிறது அல்லவா, பாகத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்? அதற்கு முற்றம் என்ற சொல் தானாகவே வந்து அமைகிறது. இரண்டு பாகங்களை நெருக்கி வைத்தால் மென்பொருளின் விதிச் சோதனையில் பிழை வரும். "இரண்டு மனையின் முற்றமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது" என்று சொன்னேன். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

> மனை என்றால் வீடு, இல்லாள் என்ற நினைப்பு வராதா?

இலக்கியத்தில் வரும் அம்மா. ஆனால் "மனை விற்பனைக்கு" என்ற பலகையைப் பார்க்கிறவர் யாரும் அங்கே வீட்டைத் தேடுவதில்லை. பிள்ளைகள் அறிந்த மனை அதுதான்.

இந்தச் சொல் கைகொடுத்த ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவர் பிசி547 டிரான்சிஸ்டருக்கு வரைந்து பலகையும் செய்துவிட்டார். கையில் இருந்ததோ 2என்3904 என்ற வேறொரு டிரான்சிஸ்டர். இரண்டும் ஒரே டிஓ-92 உறை, மூன்று கால்களும் துளையில் அழகாக இறங்கின. ஆனால் எல்இடி எரியவில்லை. தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு அப்படியே திருப்பி வைக்கச் சொன்னேன். பேஸ் நடுவில் இருப்பதால் விளக்கு எரிந்தது. "மனை சரிதான் சார், குடிவந்தவர்தான் வேறு" என்றார் அவர். மனை கால்களின் இடத்தை மட்டுமே அறியும், எந்தக் கால் என்ன வேலை செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. நான் அரை மணி நேரம் சொல்ல நினைத்திருந்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் இந்தச் சொல்லைக் குழுவுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

அப்புறம், பலகைக்குப் பணம் கட்டும் முன் எல்லா மனைகளையும் உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, பாகத்தை மேலே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். திருகு முனையங்களில் 5 மி.மீ. இடைவெளியும் உண்டு, 5.08-உம் உண்டு. இரண்டு கால் என்றால் மாற்றி வைத்தாலும் நுழைந்துவிடும். எட்டுக் கால் என்றால் கடைசிக் கால் 0.56 மி.மீ. தள்ளிப் போய்த் துளை விளிம்பில் முட்டும். தாளில் வைத்தால் கண்ணுக்கே தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாகத்தின் கால் பற்றவைக்கப்படும் செப்புப் பரப்பான பேடுக்குச் செப்புத்திட்டு என்கிறேன், மணல்திட்டு போல. இன்னும் தடம் போடாத இணைப்புகளைக் காட்டும் மெல்லிய கோடுகளுக்கு எலிவளை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலப் பெயரான ராட்ஸ்நெஸ்டில் எலி இருப்பதற்காகத் தமிழிலும் எலி வேண்டாம், இணைப்பு நூல் போதும். ஓர் அடுக்கின் செப்பை இன்னோர் அடுக்கோடு இணைக்கும் துளையான வயாவுக்கு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஊடுதுளை என்றால் கால் நுழையும் துளையோடு குழம்புகிறது. நல்ல சொல் கிடைக்கும்வரை வயா என்றே இருக்கட்டும்.

மனைக்கு வலுவான மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று கையேட்டை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். மனை, முற்றம், செப்புத்திட்டு மூன்றையும் சேர்த்திருக்கிறேன். இவை நிலைத்தால் வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புத் தளத்தில் கீகேட் மொழிபெயர்ப்புக்கும் கொண்டுபோகலாம். என்னோடு உட்கார இன்னும் இரண்டு பேர் தேவை.

அன்புடன்,
மாலை வகுப்பு ஆசிரியர்