கருத்தடை ஊசிக்கு வருபவரிடம் எச்.ஐ.வி. பரிசோதனையைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்

வணக்கம். எங்கள் நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகள் அனைவருக்கும் முதல் வருகையிலேயே, அவர்களுடைய ஒப்புதலுடன், எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிடுகிறோம். ஆனால் ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசிக்கோ காப்பர் டி வைத்துக்கொள்ளவோ வரும்போது, கர்ப்ப காலத்தில் எடுத்ததே போதும் என்று விட்டுவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருபவரிடம் கேட்பதைவிட நல்ல வாய்ப்பு ஏது என்று எண்ணி, அண்மையில் ஒருவரிடம் பேச்சை எடுத்தேன். "என்னப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று கேட்டவர், அன்று போட வேண்டிய ஊசியையும் போடாமல் எழுந்து போய்விட்டார். பரிசோதனையைச் சேர்க்கப்போய் கருத்தடையையும் கெடுத்துவிட்டேனோ என்ற உறுத்தல் நீங்கவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் செய்பவர்கள் எப்படிப் பேசுகிறீர்கள்?

பதில் 1: நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர்

சகோதரி, அந்தப் பெண்ணின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தன்னை மட்டும் தனியே பிரித்துக் கேட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டிருப்பார். எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும்போதே, "ஊசிக்கு வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்கிறோம், வேண்டாம் என்றாலும் ஊசி உண்டு" என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டாவது பாதிதான் உயிர்நாடி. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் விவரம் அறிந்து தரும் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. கருத்தடைக்கு அதை நிபந்தனையாக்கினால் அந்த ஒப்புதலுக்குப் பொருளே இல்லை.

இன்னொன்று, மாமியார் உடன் வந்திருந்தால் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் பரிசோதனைக்குச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் வேறு நிறச் சீட்டுக் கொடுத்தார்கள். பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நிறத்தின் பொருள் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. அதன் பிறகு யார் சம்மதிப்பார்கள்?

பதில் 2: பொது மருத்துவர்

எல்லோரிடமும் கேட்பதில் எனக்குச் சற்று மாறுபாடு உண்டு. நம் நாட்டில் வயது வந்தோரிடையே பாதிப்பு ஏறத்தாழ 0.2 சதவீதம். அதாவது ஆயிரம் பேரைப் பரிசோதித்தால் உண்மையில் தொற்று உள்ளவர் இரண்டு பேர்தான் இருப்பார்கள். தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதத்தினரைச் சரியாகக் காட்டும் கருவி என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து பேரைத் தவறாகக் காட்டிவிடும். அதனால்தான் மூன்று வெவ்வேறு கருவிகளில் பார்க்காமல் தொற்று உண்டென்று முடிவு சொல்வதில்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த முதல் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு, ஊசி போடும் அறையிலேயே ஒரு பெண்ணிடம் வாய் திறந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பதும் வேண்டாம். ஊசியைத் தொடங்கும்போது ஒருமுறை, பிறகு அவருடைய சூழ்நிலை மாறியிருந்தால் மறுபடி ஒருமுறை என்பது போதும்.

பதில் 3: பொதுச் சுகாதார மாணவி

மருத்துவர் ஐயாவின் கணக்குச் சரியே. ஆனாலும் கருத்தடைக்கு வருபவருக்கு ஆபத்துக் குறைவு என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு எக்கோ ஆய்வைச் சொல்லலாம். கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா, எஸ்வாத்தினி ஆகிய நான்கு நாடுகளில் கருத்தடை நாடி வந்த 7,829 பெண்களுக்கு அந்தராவில் உள்ள அதே மருந்தை ஊசியாகவோ, காப்பர் டி போன்ற சாதனத்தையோ, கைத்தோலுக்கு அடியில் வைக்கும் குச்சியையோ கொடுத்து, எதனால் எச்.ஐ.வி. ஆபத்துக் கூடுகிறது என்று பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவில் மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. என்னை உறையவைத்தது வேறு: ஆலோசனையும் ஆணுறையும் கொடுத்திருந்தும், ஆண்டுக்கு நூற்றுக்கு 3.81 பெண்கள் என்ற வீதத்தில் புதிதாகத் தொற்று வந்தது. அது பாதிப்பு மிகுந்த பகுதி, அந்த எண்ணை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் அந்தரா கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது என்பதையும், ஊசியோடு ஆணுறையும் வேண்டும் என்பதையும் பரிசோதனைக்குச் சம்மதிக்காதவரிடமும் சொல்லியாக வேண்டும்.

தொற்று உறுதியானாலும் கருத்தடை நின்றுவிட வேண்டியதில்லை. எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் மாத்திரை எடுப்பவருக்குக் குச்சியின் பலன் குறையும். இப்போது பரவலாகத் தரப்படும் டோலுடெக்ராவிரில் அந்தச் சிக்கல் இல்லை.

பதில் 4: பொது மருத்துவர்

முக்கியமானதை விட்டுவிட்டேன். எழுந்து போன பெண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஊசிக்கு உரிய தேதியைக் கடந்து நான்கு வாரம் வரை அந்தராவைத் தாராளமாகப் போடலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அவருக்கு உரிய தேதி கடந்து இன்றோடு 11 நாள் ஆகிறது. புதன்கிழமை தடுப்பூசிக்காக அந்த ஊருக்குப் போகும் கிராம சுகாதாரச் செவிலியரிடம், "ஊசி எடுத்து வைத்திருக்கிறோம், வந்து போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். பரிசோதனையைப் பற்றி இந்த முறை அவரிடம் நானாகப் பேச்செடுக்கப் போவதில்லை.