கலியாணப் படம் எடுக்கேக்க வெள்ளைக் கவுனுக்குக் கமராவில +1.3 வைச்சாப் போதுமா?

உப்புவெளியான்:
கமராவில வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைக் கண்டாலும் நடுச் சாம்பலாக்கத்தான் பாக்கும். ஃபிரேம் நிறையக் கவுன் எண்டால் வெள்ளை அழுக்காகும், பொம்பிளையின்ர முகமும் இருளும். அப்பச்சர் மோட்டில (லென்ஸ் துவாரத்தை நாங்கள் வைக்க, ஷட்டரைக் கமரா பாக்கும்) கொம்பன்சேஷன், அதாவது மீட்டர் சொல்லுறதுக்கு மேல கூட்டிற அளவு, +1.3 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டால் வெளிச்சம் ரெண்டு மடங்கு) வைச்சிட்டு நாள் முழுக்க எடுங்கோ.

டச்சுபே_லென்ஸ்:
"நாள் முழுக்க" எண்டதுதான் பிழை, அண்ணை. சேர்ச்சுக்குள்ள இருண்ட பின்னணி, மாப்பிள்ளையின்ர கறுப்புக் கோட், நடுவில சின்னனாக் கவுன். மீட்டர் இருட்டைப் பாத்துத் தானாவே வெளிச்சத்தைக் கூட்டும். அதுக்கு மேல +1.3 எண்டால் லேஸ் வேலைப்பாடு வெறும் வெள்ளைத் தாள். அங்க −0.7 பக்கம் போகோணும். அதே கவுன் உப்புவெளி மணலில நிண்டால் +1.7 கூடக் கேக்கும். கணக்குக் கவுனுக்கு இல்லை, ஃபிரேமில எவ்வளவு வெள்ளை எண்டதுக்கு.

உப்புவெளியான்:
அப்ப குறைச்சு எடுத்து, ரா ஃபைலில (கமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) நிழலைத் தூக்கிறது. நெரிசலுக்குள்ள ஆர் ஒவ்வொரு படத்துக்கும் அளந்துகொண்டு நிக்கிறது?

டச்சுபே_லென்ஸ்:
கடற்கரையில ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100 எண்டால் தூக்கலாம். சேர்ச்சில ஐஎஸ்ஓ 3200இல ரெண்டு ஸ்டொப் தூக்கிப் பாருங்கோ, கோட் முழுக்கப் புள்ளி. அளக்கிறது ஒவ்வொரு படத்துக்கும் இல்லை, வெளிச்சம் மாறேக்க மட்டும். மனுவல் மோட் (எல்லாம் நாங்களே வைக்கிறது), ஸ்பொட் மீட்டர் (ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கிறது). கவுனில வெளிச்சம் நேராப் படுற மடிப்பை அளந்து ஊசியை +1.7க்கும் +2க்கும் இடையில நிறுத்துங்கோ. நடுச் சாம்பலுக்கு மேல 3 ஸ்டொப் அளவு ரா ஃபைல் தாங்கும், அதால சாட்டின் மினுக்கத்துக்கும் இடமிருக்கு. நிழல் மடிப்பை அளந்தால் வெளிச்சம் கூடி வெள்ளை எரிஞ்சிடும், கதை முடிஞ்சுது. நிக்கோனில ஸ்பொட் பெரும்பாலும் ஃபோக்கஸ் புள்ளியோட நகரும். கெனன் டிஎஸ்எல்ஆர் அநேகமானதில நடுவில மட்டும்தான், அதால நடுவை வைச்சு அளந்திட்டுப் பிறகு ஃபிரேம் பண்ணுங்கோ.

எரிஞ்ச இடத்தைக் காட்டத் திரையில மினுங்கிற எச்சரிக்கையும் ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவல் வரைபடம்) கமரா பதப்படுத்தின ஜேபெக்கில இருந்து வாறது, ரா ஃபைலில இருந்து இல்லை. பிக்சர் ஸ்டைலை (ஜேபெக்கின்ர நிற அமைப்பு) நியூட்ரலில விட்டால் உண்மைக்குக் கிட்ட வரும். மஞ்சள் வெளிச்சத்தில சிவப்புச் சனல்தான் முதல்ல எரியும், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூண்டையும் பிரிச்சுப் பாக்கோணும்.

ஃபிளாஷ்_மாமா:
ரெண்டு பேரும் ஃபிளாஷை மறந்திட்டியள். டிடிஎல்லும் (ஃபிளாஷ் அளவைக் கமராவே லென்ஸ் ஊடா அளந்து வைக்கிறது) வெள்ளையைக் கண்டு ஏமாறும். ஃபிரேம் நிறையக் கவுன் எண்டால் ஃபிளாஷ் கொம்பன்சேஷன் +0.7 வையுங்கோ. வெயிலில வேற சிக்கல்: நேர் வெயில், ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 எண்டால் ஷட்டர் 1/3200 செக்கன். ஃபிளாஷ் சிங்க், அதாவது ஃபிளாஷோட ஒத்துப்போற ஆகக்கூடின ஷட்டர் வேகம், பெரும்பாலும் 1/200 பக்கம்தான். ஹை ஸ்பீட் சிங்க் (அதைவிட வேகமா எடுக்க விடுற முறை) போட்டால் ஃபிளாஷின்ர பலம் போயிடும். என்டி 16 ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால போடுற கறுத்தக் கண்ணாடி) 4 ஸ்டொப் குறைக்கும். 1/200இலயே எஃப் 2.8 நிக்கும்.

உப்புவெளியான்:
ஃபில்டர் போட்டால் ஃபிளாஷ் வெளிச்சமும் 4 ஸ்டொப் குறையுமே, மாமா. கிட்ட வைக்காட்டி முகத்துக்கு எட்டாது.

ஃபிளாஷ்_மாமா:
ஓம், 2 மீற்றருக்குள்ள நிக்கோணும். அதுக்கு மேல எண்டால் பலம் கூடின பெரிய ஃபிளாஷ் ஹெட் வேணும்.

டச்சுபே_லென்ஸ்:
பின்னேரம் ஃபிளாஷே தேவையில்லை. எங்கட கிழக்குக் கரையில சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குது. கடலைப் பின்னால வைச்சால் வெளிச்சம் முன்னுக்கு, மடிப்புக்கு நான் மேல சொன்ன அளவே போதும். தென்னைகளைப் பின்னால வைச்சால் கவுன் நிழலில, அப்ப மட்டும் அந்த நிழல் துணியைத்தான் அளக்கோணும். தலை நெட்டின்ர ஓரம் எரிஞ்சாலும் பரவாயில்லை.

உப்புவெளியான்:
சரி, சேர்ச்சுக்கு மனுவல் எண்டு ஒத்துக்கொள்ளுறன். மணலில மேகம் வந்து வந்து போகேக்க நான் +1.3ஐ விடமாட்டன்.