மெஷின்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் குஞ்சும் குட்டியும்: நாங்கள் பார்த்தவை

பல்லடம் பக்கம், ஸ்பின்னிங் மில் பிட்டர்

மில்லும் தறியும் காற்றாலையும் கண்ணில் படாமல் நம்ம பக்கம் பத்து கிலோமீட்டர் போக முடியாது. நமக்கு அது பழகிப்போன சத்தம். இன்னும் பறக்கத் தெரியாத ஒரு குஞ்சு இதற்குள் வந்து விழுந்தால் அதற்கு இது என்ன உலகமாகத் தெரியும் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது ஒரு கூகைக் குஞ்சால்தான். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

எங்கள் மில் பழைய கட்டடம். பஞ்சு குடோன் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் திட்டில் ஒரு ஜோடி கூகை ரொம்ப வருஷமாகக் குடியிருக்கிறது. கூகை குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டைகள் சேர்ந்து கிடக்கும் இடத்திலேயே முட்டை வைக்கும். பேல் எனும் பஞ்சு மூட்டை அடுக்குகளுக்கு இடையில் எலிக்குப் பஞ்சமே இல்லை என்பதால் அதற்கு எங்கள் குடோன் நல்ல வீடு.

ஒரு முழு நைட் ஷிப்டில் சைடர் வேலை, அதாவது அறுந்த நூலை இணைக்கும் வேலை பார்க்கும் பெண் ஓடி வந்து, "அண்ணா, பிரேமுக்கு அடியில என்னமோ சீறுதுங்கண்ணா, பாம்பா இருக்குமுங்களா?" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைத் தூவியோடு ஒரு கூகைக் குஞ்சு, சுவரோரமாக ஒண்டி நிற்கிறது. டிராலி வரும் கதவு வழியாக நடந்தே வந்திருக்க வேண்டும். இறக்கை முழுசாக முளைக்கும் முன்பே இவை திட்டில் அங்கும் இங்கும் நடந்து பழகும், அப்போது தவறி விழுவது உண்டு.

ரிங் பிரேம் என்பது நூல் நூற்கும் மெஷின். அந்த ஹாலைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிசை வரிசையாகப் பிரேம்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் (கதிர்கள்) நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். மேலே தண்டவாளத்தில் ஓவர்ஹெட் கிளீனர், இரண்டு பக்கமும் நீளமான குழாய்களைத் தரை வரை தொங்கவிட்டுக்கொண்டு போய்ப் போய் வரும். பறக்கும் பஞ்சை உறிஞ்சுவது அதன் வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் தும்பிக்கையைத் தொங்கவிட்டபடி யானை நடப்பது போலவே இருக்கும். நூல் அறுந்துவிடாமல் இருக்க ஈரப்பதம் விட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆகவே வெளியே வைகாசி வெயில் அடித்தாலும் உள்ளே வேறு பருவம். அந்த ஹால் மூச்சு விடுகிறது, வியர்க்கிறது, ராத்திரியும் தூங்குவதில்லை. அதற்குள் நிற்கும் ஒரு குஞ்சுக்கு எதற்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று எப்படித் தெரியும்? அது கிளீனர் குழாயைப் பார்த்துத்தான் சீறிக்கொண்டிருந்தது. குழாய் கிட்டே வரும்போது இறக்கையை விரித்துத் தலையைத் தாழ்த்தி, இருக்கிற தைரியத்தையெல்லாம் காட்டியது. எனக்கு அதைப் பார்த்துத் தொண்டை அடைத்துவிட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய கொடுமை அந்தச் சத்தம். கூகை காதால் வாழும் பறவை. அதன் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே கும்மிருட்டில் எலி எங்கே நகர்கிறது என்று கண்டுபிடித்துவிடும். தட்டை முகம் சத்தத்தைக் காதுக்குத் திருப்பிவிடும். குஞ்சு பசித்தால் இரைந்து இரைந்து கேட்கும், தாய் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வரும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே நாங்கள் கத்த வேண்டிய இடத்தில், இது எவ்வளவு கூப்பிட்டாலும் தாய்க்கு எப்படிக் கேட்கும்? ஆகவே வேறு எதற்கும் முன்னால் அதை அந்த ஹாலை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டும்.

சூப்பர்வைசரிடம் சொல்லி அந்த இரண்டு பிரேமையும் மேலே ஓடும் கிளீனரையும் நிறுத்தினோம். உற்பத்திக் கணக்கு அவருக்கும் உண்டு, ஆனாலும் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்விட்சை அணைத்தார். இதை நான் மறக்கவே மாட்டேன். துண்டைப் போட்டு மூடி எடுத்து, ஓட்டை போட்ட கோன் அட்டைப்பெட்டியில் வைத்தோம். பெட்டிக்குள் இருட்டானதும் குஞ்சு அடங்கிவிட்டது. ஒரு காலில் நூல் சுற்றி இறுகி விரல் வீங்கியிருந்தது. இழுத்தால் தோல் கிழியும், முனை மழுங்கிய கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்ட வேண்டும். அந்த சைடர் பெண்தான் வெட்டினார். தினமும் நூலோடு பழகும் கை, அவ்வளவு பொறுமை எனக்கு வராது.

கேன்டீனிலிருந்து ஒருவர் பால் கொண்டு வந்தார். நல்ல மனசு, ஆனால் பறவைக்குப் பால் கூடாது, செரிக்காது. தண்ணீரும் வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். இன்னொருவர், "மனுசன் தொட்டா தாய் சேத்துக்காதுங்க" என்றார். பறவைகளில் அநேகமானவற்றுக்கு மோப்பம் அவ்வளவு கிடையாது, நம் கைவாசத்துக்காகக் குஞ்சை ஒதுக்காது. ஏணி போட்டுத் திட்டில் விட்டபோது அங்கே இன்னும் மூன்று குஞ்சுகள், ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று ரொம்பச் சிறிது. கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டையாக வைத்து, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்க ஆரம்பித்துவிடும். அதனால் பொரிப்பதும் முன்னே பின்னே. சிறியதைப் பார்த்து நோஞ்சான் என்று எடுத்து வந்துவிடாதீர்கள், அது கடைசியில் பிறந்தது, அவ்வளவுதான்.

விடியும் முன்பு தாய் வாயில் எலியோடு வந்ததை வாட்ச்மேன் பார்த்தார். அப்புறம் குடோனில் எலி மருந்துக் கேக் வைப்பதை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் கேட்டோம். மருந்து தின்ற எலியைப் பிடித்தால் கூகைக் குடும்பமே போய்விடும். இப்போது பொறிக்கூண்டு மட்டும்தான்.

கோபி பக்கம், விவசாயக் குடும்பம்

எங்களுடையது கரும்புக் காட்டுக் கதை. ஆள் கிடைப்பதில்லை என்று போன வெட்டுக்கு மெஷின் வைத்தோம். அடியில் வெட்டி, துண்டு துண்டாக நறுக்கி, காய்ந்த இலையான சோகையை மேலே ஊதித் தள்ளிக்கொண்டு வரும் பெரிய வண்டி. பாதிக் காடு முடிந்தபோது டிரைவர் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு, "அக்கா, சிறுத்தைக் குட்டிங்க" என்று கத்தினார். சோகைக்குள் மூன்று குட்டி, கண் திறந்திருந்தது, மேலெல்லாம் மங்கலான வரி.

சிறுத்தைக்குப் புள்ளி இருக்கும். இது காட்டுப்பூனை. குட்டியாக இருக்கும்போது வரி தெரியும், வளர வளர மறைந்துவிடும். கரும்பு மறைவாகவும் இருக்கும், உள்ளே எலியும் இருக்கும் என்பதால் அங்கே குட்டி போடும். ஆபத்து வந்தால் அசையாமல் படுத்துக்கொள் என்பதுதான் அந்தக் குட்டிகளுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. நரிக்கும் நாய்க்கும் அது பலிக்கும். மெஷினிடம் பலிக்காது, அதற்குக் கண்ணே இல்லையே. கையால் வெட்டிய காலத்தில் அரிவாள் வைப்பதற்கு முன்பு ஆள் பார்த்துவிடுவார். அந்தத் தம்பி அன்றைக்குப் பார்த்தது அந்தக் குட்டிகளின் ஆயுசு.

அரை மணி நேரத்தில் ஊர்ப் பையன்கள் போனோடு வந்துவிட்டார்கள். ஒருவன் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்றான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பூனையும் வருகிறது, வைத்திருப்பது குற்றம் என்று மாமனார் சொல்லி அனுப்பினார். வனத்துறைக்குச் சொன்னோம், அவர்களும் இருக்கும் இடத்திலேயே விடச் சொன்னார்கள். வரப்போரம் கரும்பைக் கொஞ்சம் வெட்டாமல் விட்டு, குட்டிகளைக் கையுறை போட்டு அதற்குள் வைத்து, மெஷினையும் விளக்கையும் அந்தப் பக்கம் அன்றைக்கு விடவில்லை. காலையில் குட்டிகள் இல்லை, ஈர மண்ணில் தாயின் காலடி வாய்க்கால் பக்கம் போயிருந்தது. ஒவ்வொன்றாக வாயில் கவ்வித்தான் எடுத்துப் போயிருக்கும்.

மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் நிஜமாகவே சிறுத்தை கரும்புக்குள் குட்டி போடுகிறது. அங்கேயும் வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் அதே இடத்தில் அந்தியில் குட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு விலகி நின்றே தாயிடம் சேர்க்கிறார்கள். கரும்பு மெஷின் வைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முந்தின நாள் சாயங்காலம் காட்டைச் சுற்றி வந்து கொஞ்சம் சத்தம் கொடுங்கள். ஒரே பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போங்கள். சுற்றி வளைத்து வெட்டினால் நடுவில் மாட்டிக்கொள்ளும், எங்கே ஓடும்?

மதுக்கரை

மெஷின் என்றாலே கெடுதல் என்று இருக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. அந்தச் செய்தி எங்கள் பக்கம் எல்லோரையும் உலுக்கிவிட்டது. குட்டியோடு வரும் கூட்டம் தண்டவாளத்தைக் கடக்க நேரம் எடுக்கும், குட்டியை விட்டுப் பெரியவை நகராது. 2024 பிப்ரவரியில் வனத்துறை இங்கே செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்கள், உடல் சூட்டை வைத்து இருட்டிலும் யானையைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய், ரயில் ஓட்டும் லோகோ பைலட் வேகத்தைக் குறைக்கிறார். பாதைக்கு அடியில் யானை போக வழியும் கட்டியிருக்கிறார்கள். தாயும் குட்டியும் அதற்குள் போகும் படத்தைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

எல்லாம் கூடி வந்துவிடும் என்றும் இல்லை. அதே வருஷம் மருதமலை அடிவாரத்தில் விழுந்துவிட்ட பெண் யானையை கிரேனில் பெல்ட் கட்டி நிற்க வைத்து வைத்தியம் பார்த்தார்கள், குட்டி பக்கத்திலேயே நின்றது. தாய் தேறிக் காட்டுக்குப் போய்விட்டது. பிரிந்துபோன குட்டியைக் கூட்டத்தோடு சேர்க்க எவ்வளவோ முயன்றும் முடியாமல், ஜூனில் தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

சோமனூர், கல்லூரி மாணவி

அண்ணா, அவசரமா ஒரு கேள்விங்க. எங்கள் தறிக் குடோனில் மோட்டார் மேலே கழிவு நூலை வைத்து அணில் கூடு கட்டியிருந்தது. இன்று காலை தறி ஓட்டும்போது கூடு கலைந்து மூன்று குட்டி விழுந்துவிட்டது. முடி இப்போதுதான் முளைக்கிறது. அப்பா தறியை நிறுத்திவிட்டார். பசும்பால் கொடுக்கலாமா?

பல்லடம் பக்கம், பிட்டர்

வேண்டாம் அம்மிணி, எதுவும் கொடுக்காதே. முதலில் சூடு. பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் துணியில் சுற்றிக் குட்டிகளுக்குப் பக்கத்தில் வை. மூடி இல்லாத சின்ன அட்டைப்பெட்டியில் அதே கழிவு நூலைப் போட்டு, கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உயரமாகக் கட்டு, பூனை ஏற முடியாத இடமாக இருக்க வேண்டும். தாய் அணிலும் அந்தக் காட்டுப்பூனையைப் போலக் கவ்வித்தான் எடுத்துப் போகும், அதற்கு வழி விட வேண்டும். தறி ஓடினால் கிட்டே வராது. நீங்களும் வெளியே வந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். அணில் பகலில் நடமாடுவது, ஆகவே காரியம் இப்போதே நடக்க வேண்டும். பொழுது சாயும் வரை வரவில்லை என்றால் ராத்திரி முழுக்கச் சூடு குறையாமல் வைத்திருந்து, கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

சோமனூர், கல்லூரி மாணவி

வந்துடுச்சுங்கண்ணா! முதலில் சுற்றிச் சுற்றிக் கத்தியது, அப்புறம் பெட்டிக்குள் இறங்கியது. இரண்டு குட்டியை வேப்பமரத்துக்கு எடுத்துப் போய்விட்டது. மூன்றாவது இன்னும் பெட்டியில் இருக்கிறது. மதியச் சோறு முடியட்டும், அது வரைக்கும் தறி ஓடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.